உன் பெயரைத் தொட்டு வருகிறவர்கள்

கெடாவில் எழுதத் தொடங்கியிருக்கும் தம்பிக்கு,

கதை வெளிவந்துவிட்டது; வாழ்த்துகள். கதையின் கீழே உன் பெயர் நீல நிறத்தில் இருக்கிறது. வாசித்து முடித்தவர் அந்தப் பெயரைத் தொட்டால் உன் எழுத்தாளர் பக்கம் திறக்க வேண்டும். அதற்கு எந்த வார்ப்புருவைப் போடுவது, என்ன நிறம் வைப்பது, மேலே மலைப் படமா ரப்பர் பால்மரப் படமா என்று நீ குழம்பிக்கொண்டிருப்பதாகத் தெரிய வந்தது. மலேசியாவின் கெடா மாநிலத்தில், சுங்கைப் பட்டாணியிலும் கூலிமிலும் அலோர் ஸ்டாரிலும் எழுத வருகிற பலருக்கும் இதே குழப்பம் உண்டு. அதனால் இந்தக் கடிதம் எல்லாரும் படிக்கும்படி வருகிறது.

நிறத்தைப் பிறகு பார்க்கலாம். வருகிறவர் யார் என்று முதலில் பார்.

ஒருவர் கோயம்புத்தூரில் இருக்கிறார். 2017-இல் கெடா எழுத்தாளர் சீ. முத்துசாமிக்கு விஷ்ணுபுரம் விருது கிடைத்ததிலிருந்து மலேசியத் தமிழ் எழுத்து அவர் கண்ணில் படுகிறது. பீடோங் எங்கே, பாடாங் செராய் எங்கே என்று அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் ஆசை இருக்கிறது. இன்னொருவர் கெடாத் தோட்டத்தில் பிறந்து, தோட்டம் கைமாறியபின் கிள்ளான் பக்கம் குடியேறியவர். வயது அறுபதுக்கு மேல். பேரப்பிள்ளை புலனத்தில் (வாட்ஸ்அப்) அனுப்பிய இணைப்பைத் தொட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கைப்பேசியில் வாசிக்கிறார். மூன்றாமவர் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையில் ஆய்வேடு எழுதும் மாணவி. உன் பிறந்த ஆண்டு, ஊர், முதல் கதை வந்த இதழ், வந்த தேதி எல்லாம் அவளுக்கு வேண்டும்.

இந்த மூவரும் உன் பக்கத்தில் ஒரு நிமிடம் நிற்பார்கள். அந்த ஒரு நிமிடத்தில் நீ யார், எந்த ஊர், எதை முதலில் வாசிப்பது என்பது மூவருக்கும் தெரிந்துவிட்டால் பக்கத்தின் அலங்காரம் பாதி முடிந்தது. தெரியாவிட்டால் எந்த நிறமும் அதை ஈடு செய்யாது.

பக்கத்தின் தலையில் வரும் தன்விவரத்திலிருந்து தொடங்கு. நம் நாட்டு இளம் எழுத்தாளர் பலரின் பக்கங்களில் ஒரே வகை வரி இருக்கிறது: கவிஞர், எழுத்தாளர், பேச்சாளர், சிந்தனையாளர், தன்முனைப்புப் பயிற்றுநர். ஐந்து பட்டங்களைப் படித்தும் ஆள் யாரென்று புரிவதில்லை. அதை அடித்துவிட்டு, பிறந்த தோட்டம், அருகிலுள்ள பட்டணம், படித்த தமிழ்ப்பள்ளி, செய்யும் வேலை, எழுதும் வகை என்று இரண்டு வாக்கியம் எழுது. அவ்வளவுதான் வேண்டும். பட்டங்களைக் கொடுக்க வேண்டியது வாசகர். அவர்கள் கொடுத்தாலும் பக்கத்தில் போட்டுக்கொள்ளாமல் இருப்பது நல்லது.

தோட்டத்தின் பெயரைச் சொல்லும்போது கூசாதே. அது வெறும் முகவரி வரி ஆகாது. ஹாவர்ட் தோட்டம் என்று ஒருவர் எழுதினால், 1946, 1947-ஆம் ஆண்டுகளில் பீடோங் வட்டாரத்தில் ஏ. எம். சாமி தலைமையில் கள்ளுக்கடைகளை எதிர்த்துக் கிளம்பிய தொண்டர் படை நினைவுக்கு வரும். புக்கிட் சீடிம் என்று எழுதினால், தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில் அரசியல் தலைவர் துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் நினைவுக்கு வரும். தொழிலாளர்களின் சிறுசேமிப்பைத் திரட்டி அது முதலில் வாங்கிய தோட்டம் அதுதான். இன்று கெடாவின் பல தோட்டங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. சில இடங்களில் செம்பனையும் போய் வீடமைப்புப் பகுதி வந்துவிட்டது. தொழிலாளர் குடியிருந்த லயங்கள் இடிந்தன. பள்ளிக்கூடம் பட்டணத்துக்கு இடம் மாறியது. பெயர்ப்பலகை மாறிய இடத்தில் பழைய பெயரை எழுத்தில் வைத்திருப்பவர்களில் எழுத்தாளரும் ஒருவர். உன் தன்விவரத்தில் அந்தப் பெயர் இருந்தால், அதைத் தேடுகிற ஒருவர் என்றாவது வந்து சேருவார். தோட்டத்தின் உட்பிரிவான டிவிஷனின் பெயர் தெரிந்தால் அதையும் சேர்த்துவிடு. ஒரே தோட்டத்தில் பிறந்தவர்களுக்குள் அடையாளம் கண்டுகொள்ள டிவிஷன்தான் உதவும்.

பழைய அடையாளத்தை வெளியே சொல்லக்கூடாது, அலோர் ஸ்டார் என்றோ பினாங்கு என்றோ பொதுவாகப் போட்டுவிடலாம் என்று நினைப்பவர்களும் உண்டு. கெடாவின் நல்ல எழுத்து எதுவும் அப்படி நினைத்து எழுதப்பட்டதாகத் தெரியவில்லை. சீ. முத்துசாமியின் ‘மண்புழுக்கள்’ தோட்டத்து மண்ணை விட்டு ஓர் அடியும் விலகாத நாவல். லூனாஸில் வளர்ந்த ம. நவீனின் ‘பேய்ச்சி’ 1981-இல் லூனாஸில் விஷச் சாராயம் குடித்துப் பலர் மாண்ட நிகழ்வைத் தொட்டு எழுதப்பட்டது. ஊரின் பெயரைப் பக்கத்தில் மறைத்துக்கொண்டு, கதையில் மட்டும் அதே ஊரை எழுதினால் பக்கமும் கதையும் இரண்டு ஆட்களுடையவை போலத் தோன்றும்.

அடுத்தது பெயர். நம் நாட்டில் ஒருவருக்குக் குறைந்தது இரண்டு பெயர் வடிவம் உண்டு: தமிழில் ஒன்று, அடையாள அட்டையில் உரோமன் எழுத்தில் ஒன்று. புனைபெயரும் சேர்ந்தால் மூன்று. தமிழில் முன்னெழுத்துக்குப் புள்ளி வைப்பதா, வேண்டாமா, ‘முத்துசாமி’யா ‘முத்துச்சாமி’யா என்பதை இப்போதே முடிவு செய்து, எல்லா இதழ்களுக்கும் எல்லாப் பக்கங்களுக்கும் அதையே கொடு. உரோமன் எழுத்திலும் ஒரே வடிவத்தையே எங்கும் பயன்படுத்து. தேடுபொறிக்குப் புள்ளியும் ஒற்றும் சிறிய விஷயமாகத் தெரியாது. இரண்டு வடிவம் இருந்தால் சில நேரம் இரண்டு ஆளாகவே காட்டும். பள்ளிக்கு ஒரு பெயர், கவிதைக்கு ஒரு பெயர், முகநூலுக்கு ஒரு பெயர் என்று வைத்திருந்தால் மூன்றையும் தன்விவரத்தில் ஒரே இடத்தில் சொல்லிவிடு. ஆய்வு மாணவிக்கு அதைவிடப் பெரிய உதவி கிடையாது.

இனி எழுத்துரு. உண்மையான அலங்காரம் இங்கேதான் இருக்கிறது. இதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

தமிழைக் கணினியில் பார்க்கும் அழகைத் தந்தவர்களில் முக்கியமானவர் நம் நாட்டுக்காரர். முத்து நெடுமாறன் 1980-களின் நடுவில் முரசு மென்பொருளைத் தொடங்கினார். பின்னர் அது முரசு அஞ்சல் ஆனது. கைப்பேசிக்குச் செல்லினம் வந்தது. ஆப்பிள் கருவிகளில் வருகிற இணைமதி எழுத்துரு அவர் வடிவமைத்தது. அதே கருவிகளில் உள்ள ‘தமிழ் சங்கம் எம்என்’ எழுத்துருவின் பெயரில் ஒட்டியிருக்கும் இரண்டு எழுத்துகள் அவருடைய பெயரைக் குறிக்கின்றன. உலகின் எந்த மூலையில் இருப்பவரும் ஐபோனில் தமிழ் படிக்கும்போது ஒரு மலேசியத் தமிழரின் கைவேலையைப் பார்க்கிறார். அவருடைய தந்தை முரசு நெடுமாறன் ‘மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சிய’த்தில் நூறாண்டுக் கவிதைகளைத் திரட்டித் தந்தவர். தந்தை கவிஞர்களைத் தேடித் தொகுத்தார், மகன் அவர்கள் எழுத்து திரையில் தெரிய வழி செய்தார். எழுத்துருவைத் தேர்ந்தெடுக்க உட்காரும்போது இந்தக் குடும்பத்தின் உழைப்பை நினைத்துக்கொள். அவசரமாகக் கையில் கிடைத்ததைப் போட்டுவிட மனம் வராது.

இன்றைக்குத் தேர்வுக்குப் பஞ்சமில்லை. கூகுள் எழுத்துருத் தொகுப்பில் நோட்டோ சான்ஸ் தமிழ், நோட்டோ செரிஃப் தமிழ், முக்த மலர், ஹிந்த் மதுரை, மீரா இனிமை, டிரோ தமிழ் என்று பல கிடைக்கின்றன. இலங்கையின் தாரிக் அஸீஸ் வடிவமைத்த பவனமும் கவிவனரும் அங்கே உண்டு. எல்லாம் இலவசம், திறந்த உரிமத்தில் இருப்பதால் உன் பக்கத்தில் அச்சமில்லாமல் பயன்படுத்தலாம். நீண்ட கதைக்கு நோட்டோ செரிஃப் தமிழோ டிரோ தமிழோ பொருந்தும். நூல் அச்சின் தோற்றம் அவற்றில் இருக்கிறது. கவிவனர் கையெழுத்துச் சாயல் கொண்டது. பக்கத்தின் தலைப்பில் உன் பெயருக்கு நன்றாக இருக்கும், ஆனால் மூவாயிரம் சொல் கதையை அதில் படிக்க வைப்பது கண்ணுக்குச் செய்யும் கொடுமை. தலைப்புக்கு ஒன்று, உடலுக்கு ஒன்று. மூன்றாவது எழுத்துருவைச் சேர்க்கிறபோது பக்கம் திருமண அழைப்பிதழ் போல ஆகத் தொடங்கும்.

வார்ப்புருக்கள் பெரும்பாலும் ஆங்கிலத்துக்காகச் செய்யப்படுபவை. அவற்றை அப்படியே எடுத்துப் போட்டால் தமிழ் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். ‘கி’, ‘கீ’ மேலே வளைகின்றன. ‘கு’, ‘மூ’, ‘ஞ’ கீழே இறங்குகின்றன. வரி இடைவெளி எழுத்தளவின் 1.2 மடங்கு என்று வார்ப்புருவில் இருந்தால் மேல்வரியின் காலும் கீழ்வரியின் தலையும் முட்டிக்கொள்ளும். 1.6 முதல் 1.8 மடங்கு வரை வைத்துப் பார். பக்கமே மூச்சு விடுவது தெரியும். எழுத்தளவைக் கைப்பேசியில் 17, 18 பிக்சலுக்குக் குறைக்காதே. கிள்ளானில் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசிப்பவரை மறந்துவிடக் கூடாது. அவர் விரலால் பெரிதாக்கிப் படிப்பதைத் தடுக்கும் வார்ப்புருக்களும் உண்டு. அப்படி ஒன்று கையில் வந்தால் வேறு தேடு.

இரண்டு பக்க ஓரமும் நேராக இருக்கும்படி வரிகளைச் சீர்செய்வதைக் கைப்பேசியில் செய்யவே செய்யாதே. தமிழில் ‘போய்க்கொண்டிருந்தவர்களைப்’ போன்ற சொற்கள் சாதாரணம். குறுகிய திரையில் இப்படி ஒன்று அடுத்த வரிக்குப் போனால், மேல்வரியில் மிச்சமிருக்கும் இரண்டு சொற்கள் ஆளுக்கொரு மூலையில் போய் நிற்கும். இடப்பக்கம் நேராகவும் வலப்பக்கம் ஏறி இறங்கியும் இருக்கட்டும். சாய்வெழுத்தும் அப்படித்தான். பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் தனியாகச் சாய்வெழுத்து வடிவம் கிடையாது; உலாவி நேர் எழுத்தைப் பிடித்துச் சாய்த்துவிடுகிறது. அழுத்தம் வேண்டுமானால் தடித்த எழுத்தைப் பயன்படுத்து, நூல் பெயருக்கு மேற்கோள் குறி போடு. ஆங்கிலத் தலைப்புகளில் எழுத்துகளைத் தள்ளித் தள்ளி வைக்கும் பழக்கத்தையும் தமிழுக்குக் கொண்டு வராதே. தமிழில் சொல் உடைந்து தெரியும்.

இனி நிறம். வெள்ளையின் மேல் வெளிர் சாம்பல் எழுத்து இப்போது பல வார்ப்புருக்களில் இருக்கிறது. அது திரையில் நாகரிகமாகத் தெரியும், படிக்க முடியாது. இணைய அணுகல் நெறிமுறைகள் சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் ஒளி வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும் என்கின்றன. இதை அளந்து சொல்லும் இலவசக் கருவிகள் இணையத்தில் இருக்கின்றன. உன் நிறங்களை அதில் போட்டுப் பார்த்து, தேறாததை விட்டுவிடு. கெடாவின் வயல் பச்சை உனக்குப் பிடிக்கும் என்றால் அதை இணைப்புகளுக்கும் தலைப்புக்கும் கொடு. கதையின் எழுத்து கருப்புக்கு அருகிலேயே இருக்கட்டும். முழுப் பின்னணியும் கருப்பாக, எழுத்து வெள்ளையாக வைத்தால் கவிதைக்குத் தீவிரம் வரும் என்று சிலர் நம்புகிறார்கள். வெயிலில் பேருந்து நிலையத்தில் நின்று கைப்பேசியில் வாசிப்பவருக்கு அந்தத் தீவிரம் வெறும் கண்ணாடியாகத் தெரியும், தன் முகம்தான் அதில் இருக்கும்.

இப்போது படங்கள்.

முகப்புப் படத்துக்கு இளைஞர் பலர் எடுப்பது மூன்றில் ஒன்று: கெடா சிகரம் என்கிற ஜெராய் மலை, கடாரம், பால்மரக் காடு. மூன்றும் நம்முடையவை, மூன்றிலும் கவனம் வேண்டும். ஜெராய் 1,217 மீட்டர் உயரம். சுங்கைப் பட்டாணியிலிருந்தும் பீடோங்கிலிருந்தும் மெர்போக்கிலிருந்தும் வேறு வேறு உருவில் தெரியும். உன் வீட்டுப் பக்கத்திலிருந்து தெரிகிற ஜெராயை நீயே கைப்பேசியில் எடு. சுற்றுலா விளம்பரத்துக்கு எடுத்த படத்தில் உன் ஊர் இருக்காது.

கடாரம் என்றதும் சோழர் கப்பல், புலிக்கொடி, கையில் வாளோடு இராஜேந்திரன் என்று ஓவியங்கள் கிடைக்கும். 1025-ஆம் ஆண்டுப் படையெடுப்பின் பெருமையில் பேனாவைத் தோய்க்க ஆசைப்படுவது இயல்புதான். ஆனால் பழைய கடாரமான புஜாங் பள்ளத்தாக்கில் சோழர் வருவதற்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே வணிகரும் பௌத்தரும் இந்துக்களும் வாழ்ந்தார்கள். இரும்பு உருக்கினார்கள், கோயில் கட்டினார்கள். மெர்போக்கில் புக்கிட் பத்து பாஹாட் சண்டி என்னும் பழைய கோயிலின் கல் அடித்தளம் மரங்களுக்கு நடுவே இருக்கிறது. பக்கத்தில் தொல்பொருள் அருங்காட்சியகமும் உண்டு. அந்தப் பள்ளத்தாக்கின் பழைய கோயில் அடித்தளம் ஒன்று நில மேம்பாட்டு வேலையில் இடிக்கப்பட்ட செய்தி 2013-இல் வெளிவந்து நாடே பேசியது. கடாரத்தை முகப்பில் வைக்க விரும்பினால், சுங்கைப் பட்டாணியிலிருந்து அரை மணி நேரப் பயணம். போய்ப் பார்த்து, அந்தக் கல்லைப் படம் எடுத்து வை. யாரோ வரைந்த கப்பலைவிட உன் ஊர்க் கல் உன்னைப் பற்றி அதிகம் சொல்லும்.

பால்மரப் படம்தான் அதிகம் தவறிப் போவது. இணையத்தில் தேடினால் கேரளம், இலங்கை, தாய்லாந்து, வியட்நாம் எல்லாம் கலந்து வரும். மரத்தின் வரிசை, சீவிய கோட்டின் சாய்வு, பால் பிடிக்கும் மங்கு கட்டியிருக்கும் விதம், சீவுகிறவரின் உடை எல்லாவற்றையும் தோட்டத்தில் வளர்ந்த கண் ஒரே பார்வையில் எடை போட்டுவிடும். கேரளத்துத் தோட்டத்தில் மழைக்குப் பாதுகாப்பாக மரத்தைச் சுற்றிப் பிளாஸ்டிக் கட்டியிருக்கும் படத்தைப் போட்டுவிட்டு, கீழே கெடாத் தோட்டத்துப் பிள்ளை என்று எழுதினால் நம் பெரியவர்கள் கதைக்குள் நுழையும்போதே சந்தேகத்தோடு நுழைவார்கள். உன் வீட்டில் பழைய படம் ஏதாவது இருக்கும்: லயத்து வாசலில் எடுத்தது, பெரட்டுக் களத்தில் எடுத்தது, பள்ளி ஆண்டு விழாவில் எடுத்தது. அதை நன்றாக வெளிச்சத்தில் வைத்துப் படம் பிடி. அதில் இருப்பவர்கள் உயிரோடு இருந்தால் அனுமதி கேள்; இல்லையென்றால் குடும்பத்தாரிடம் கேள். படத்துக்குக் கீழே இடத்தையும் ஏறக்குறைய ஆண்டையும் எழுது.

உன் முகப்படம் பல தளங்களில் வட்டமாக வெட்டப்படும். முகம் நடுவில் இருக்கட்டும், ஓரத்தில் எழுத்து எதையும் வைக்காதே. விருது வாங்கும்போது அமைச்சரோடு நின்ற படத்தை முகப்படமாக வைக்கும் வழக்கத்தை உன் தலைமுறையாவது கைவிடட்டும். பக்கம் உன்னுடையது.

தன்விவரத்தை அழகான அட்டைபோல வடிவமைத்துப் படமாகப் போடுவது இப்போது பரவலாகிவிட்டது. பார்க்க நன்றாகவே இருக்கும். ஆனால் அதில் உள்ள சொல்லைத் தேடுபொறி சரிவரப் பிடிக்காது. பார்வையற்றவரின் கைப்பேசி அதைச் சரியாக வாசித்துக் காட்டாமல் போகலாம். ஆய்வு மாணவியால் ஒரு வரியையும் எளிதில் எடுக்க முடியாது. சொற்களைச் சொற்களாகவே போடு. பக்கத்தின் மொழியைத் தமிழ் என்று அமைப்பில் குறித்துவிட்டால் திரைவாசிப்பு மென்பொருள் தமிழ்க் குரலை எடுத்துக்கொள்ளும். இதோடு ஒரு கதையையாவது உன் குரலிலேயே வாசித்துப் பதிவு செய்து சேர். தோட்டத்திலிருந்து வந்த பாட்டிமார் பலர் எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குச் சிரமப்படுகிறார்கள், கேட்பதற்குக் காத்திருக்கிறார்கள். அவர்களுடைய கதையைத்தானே நீ எழுதுகிறாய்?

உன் பக்கத்தைப் பெரும்பாலோர் புலனத்திலோ முகநூலிலோ பார்த்துத்தான் வருவார்கள். அங்கே இணைப்போடு ஒரு சிறு படமும் தலைப்பும் ஓரிரு வரியும் தோன்றும். அவை ஓப்பன் கிராஃப் என்கிற குறிப்புகளிலிருந்து வருகின்றன. முகநூல் 2010-இல் கொண்டு வந்த முறை அது. நீ ஒன்றும் கொடுக்காவிட்டால் தளம் தானே எதையாவது பொறுக்கிப் போடும், சில நேரம் விளம்பரப் படத்தையே போட்டுவிடும். 1200-க்கு 630 பிக்சலில் ஒரு படமும், தன்விவரத்தின் முதல் வாக்கியமும் கொடுத்து வை. பக்கத்தின் முகவரியை மட்டும் உரோமன் எழுத்தில் சுருக்கமாக வை. இது தமிழ்ப் பற்றுக்கு எதிரான யோசனை ஆகாது. முகவரியில் தமிழ் வைத்துப் படியெடுத்தால் ‘க’ என்ற ஒரே எழுத்து சதவீதக் குறியும் எண்களுமாக ஒன்பது குறிகளாக நீளும், ‘கு’ பதினெட்டு. உன் கதையின் தலைப்பு மூன்று வரிச் சங்கேதமாகிப் புலனத்தில் போகும்போது பெரியவர்கள் அதை மோசடி இணைப்பு என்று பயந்து தொடாமல் விடுகிறார்கள்.

படைப்புகளை எப்படி அடுக்குவது? இதற்குச் சுங்கைப் பட்டாணியின் கே. பாலமுருகனைக் கவனி. ஆசிரியர், சிறுகதையும் நாவலும் எழுதுகிறவர், சிறுவர் மர்மக் கதைகளும் எழுதுகிறவர், யு.பி.எஸ்.ஆர். என்னும் ஆறாம் ஆண்டுத் தேர்வு இருந்த காலத்தில் மாணவர்களுக்குக் கட்டுரை வழிகாட்டிகளும் தந்தவர். ஒரே பெயரைத் தேடி ஆறாம் ஆண்டு மாணவனும் வருவான், தீவிர இலக்கிய வாசகரும் வருவார். இருவருக்கும் ஒரே பட்டியலைக் காட்டினால் இருவருமே தவறான கதவைத் திறப்பார்கள். நம் நாட்டு எழுத்தாளர்களில் ஆசிரியர்கள் அதிகம் என்பதால் இந்தச் சிக்கல் பலருக்கும் உண்டு. நீயும் சுல்தான் அப்துல் ஹலிம் ஆசிரியர் பயிற்சிக் கழகத்திலிருந்து வந்தவன் என்றால் நாளை உனக்கும் வரும். சிறுவர்களுக்கு, மற்றவர்களுக்கு என்று ஆரம்பத்திலேயே இரண்டாகப் பிரித்துவிடு.

அதற்குள்ளே, புதியவர் முதலில் வாசிக்க வேண்டிய மூன்று படைப்புகளை நீயே தேர்ந்தெடுத்து மேலே வை. மற்றவை ஆண்டு வரிசையில் கீழே வரட்டும். ஒவ்வொன்றுக்கும் வந்த இதழ், மாதம், ஆண்டு. கதை எந்த நிலத்தில் நடக்கிறது என்று ஒரு வரி சேர்த்தால் இன்னும் நல்லது. சுங்கைப் பட்டாணியின் கோ. புண்ணியவான் ‘செலாஞ்சார் அம்பாட்’ நாவலில் பகாங்குக்குப் போய்க் கொத்தடிமைகளாகச் சிக்கியவர்களை எழுதினார். ‘கையறு’வில் சயாம் மரண இரயில் பாதைக்குப் போனார். கெடா எழுத்தாளர் என்ற ஒரே சொல்லை வைத்து அந்த நாவல்களுக்குள் என்ன இருக்கிறது என்று வெளியூர் வாசகர் ஊகிக்க முடியாது.

சிக்கலான செய்திகளையும் அதே பட்டியலில் நேராகச் சொல்லலாம். 2019-இல் வந்த ‘பேய்ச்சி’யை 2020 டிசம்பரில் உள்துறை அமைச்சு தடை செய்தது. இலக்கிய வரலாற்றில் அது பதிவாக வேண்டிய செய்தி. நூலின் பெயர், ஆண்டு, தடையான ஆண்டு என்று ஒரே வரியில் அடங்கும். கோபத்துக்கும் விளக்கத்துக்கும் கட்டுரை இருக்கிறது. தன்விவரப் பக்கம் அமைதியாகத் தகவலைச் சொன்னால் போதும்.

அச்சில் வந்தவற்றை விட்டுவிடாதே. 1924-இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019-இல் நின்றுபோனது. தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாக எத்தனை தலைமுறை எழுத்தாளர்களின் முதல் கதை அதில் வந்தது என்று எண்ணிப் பார்! வெட்டி ஒட்டி வைத்தவர்களிடம் மட்டுமே அவை இருக்கின்றன. மற்றவர்கள் நூலகத்தில் தேடி அலைய வேண்டும். உன் கவிதை நாளிதழின் ஞாயிறு பதிப்பில் வந்தால் அன்றே அந்தப் பக்கத்தைத் தேதி தெரியும்படி படம் பிடித்து வை, எழுத்தாகவும் தட்டச்சு செய்து பக்கத்தில் ஏற்று. அலங்காரத்துக்கு ஒதுக்கும் நேரத்தில் பாதியை இதற்குக் கொடுத்தால் பத்து ஆண்டு கழித்து எது பயன்பட்டது என்று உனக்கே தெரியும்.

இணையமும் நிலையானது என்று நம்பிவிடாதே. யாகூ நடத்திய ஜியோசிட்டீஸ் 2009 அக்டோபரில் மூடப்பட்டது. தமிழில் முதன்முதலாகச் சொந்தப் பக்கம் வைத்தவர்களில் பலரின் பக்கங்கள் அதோடு போயின. கூகுள் பிளஸ் 2019-இல் மூடப்பட்டது. யூனிகோடு பரவுவதற்கு முன் திஸ்கியிலும் வேறு குறியாக்கங்களிலும் எழுதிய பக்கங்கள் இன்று திறந்தால் புரியாத குறிகளாகக் கிடக்கின்றன. அழகாக வடிவமைத்த பக்கங்கள்தான் அவையும். ஆகவே தோற்றத்தைத் தளத்திடம் விட்டாலும் எழுத்தை உன்னிடம் வைத்துக்கொள்: தன்விவரம், பட்டியல், கதைகள் எல்லாம் யூனிகோடில், சாதாரண எழுத்துக் கோப்பாக, இரண்டு இடத்தில். பக்கத்தை மாற்றும் ஒவ்வொரு முறையும் இணைய ஆவணகத்தின் வேபேக் மெஷினில் அதன் முகவரியைக் கொடுத்துச் சேமித்துவிடு, கட்டணம் இல்லை. 2007-இல் அச்சிதழாகத் தொடங்கிய வல்லினம் பின்னர் இணைய இதழாக மாறி இன்றும் நடப்பதால் நம் எழுத்தாளர் பலரின் பெயரைத் தேடினால் ஏதாவது கிடைக்கிறது. 2022-இல் தொடங்கிய தமிழ் விக்கியிலும் மலேசிய எழுத்தாளர்களைப் பற்றிய பதிவுகள் உண்டு. நாளை உன்னைப் பற்றி அங்கே யாராவது எழுத வந்தால் அவர் முதலில் திறப்பது உன் பக்கத்தைத்தான். பிறந்த ஆண்டும் ஊரும் நீ எழுதியபடிதான் அங்கே போகும். தவறாக இருந்தால் தவறாகவே பல இடங்களுக்குப் பரவும்.

தொடர்புக்கு மின்னஞ்சல் முகவரி ஒன்று போதும். பக்கத்துக்கென்றே தனியாக ஒன்றைத் தொடங்கு. கைப்பேசி எண், வீட்டு முகவரி, பிள்ளைகள் படிக்கும் பள்ளி எதுவும் வேண்டாம்.

இந்த வாரம் வார்ப்புருவைத் திறக்காதே. வீட்டில் பெரியவர்களிடம் உட்கார்ந்து, தோட்டத்தின் பெயரைத் தமிழில் எப்படிச் சொன்னார்கள், கம்பெனிப் பெயர் என்ன, எந்த டிவிஷன், எந்த ஆண்டு வெளியேறினார்கள் என்று கேட்டு எழுதிக்கொள். தோட்டத்துக்குப் பெரும்பாலும் இரண்டு பெயர் இருக்கும், நம் ஆட்கள் வைத்தது ஒன்று, கம்பெனி வைத்தது ஒன்று. இரண்டையும் தன்விவரத்தில் போடு. எழுதி முடித்ததும் அனுப்பு. எழுத்துருவையும் நிறத்தையும் அடுத்த வாரம் சேர்ந்து பார்க்கலாம்.

அன்புடன்,
உன் பக்கத்தைத் திறந்து பார்க்கக் காத்திருக்கும் ஒரு வாசகர்